மழையில கார் கண்ணாடி மங்குதா? ‘ரெயின் ரிப்பெலன்ட்’ வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ராத்திரி ஒன்பது மணி. வெளியே கார்த்திகை மாச மழை. ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். டிவைடர் இல்லாத இருவழிச் சாலை. வைப்பர் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு லாரி ஹைபீம் லைட்டோடு வருகிறது. அந்த நொடியில், முன்னால் இருக்கும் கண்ணாடி மொத்தமும் பால் ஊற்றியதுபோல வெள்ளையாகிவிடுகிறது. ரோடு எது, ஓரம் எது, முன்னால் போன டூவீலர் எங்கே... எதுவும் தெரியவில்லை. லாரி கடந்துபோன பிறகுதான் மூச்சே வருகிறது.

இது எனக்கே நடந்தது. கொடுமை என்னன்னா, அதற்கு இரண்டு நாள் முன்புதான், ‘கண்ணாடியில தண்ணியே நிக்காது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பாட்டில் வாங்கி, மொட்டை வெயிலில் நின்று நானே கண்ணாடியில் தடவியிருந்தேன். மறுநாள் காலையில் ஒரு மெக்கானிக் அண்ணன் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அழுக்கு மேல பெயின்ட் அடிச்சா நிக்குமா தம்பி?” என்று மட்டும்தான் கேட்டார்.

பாட்டில் மேல் தப்பில்லை, தடவிய விதத்தில்தான் தப்பு. மழைக்காலம் வந்தாலே ஆன்லைனில் இந்த ‘ரெயின் ரிப்பெலன்ட்’ பாட்டில்கள் வரிசைகட்டி நிற்கும். எதை வாங்குவது, எப்படித் தடவுவது, யாருக்கு இது தேவையே இல்லை... வாங்க, பார்க்கலாம்.

தாமரை இலையும் தண்ணியும்

‘தாமரை இலைத் தண்ணீர் மாதிரி’ என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்கிறோம். ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அது ஏன் ஒட்டுவதில்லை என்பதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் அவரது சக ஆய்வாளரும் 1997-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விரிவாக விளக்கினார்கள். தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மேடுகள். அவற்றின் மேல் மெழுகுத் துகள்கள். தண்ணீர்த் துளி அந்த மேடுகளின் நுனியில் மட்டும் உட்காருகிறது. அடியில் இருப்பது காற்று. அதனால்தான் இலையை லேசாகச் சாய்த்தாலே துளி உருண்டு ஓடிவிடுகிறது.

கார் கண்ணாடி இதற்கு நேரெதிர். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் என்ற வேதிக் குழுக்களுக்குத் தண்ணீரை ரொம்பப் பிடிக்கும். அதனால், சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் துளியாக நிற்காமல் பரவும். ரிப்பெலன்ட் திரவத்தில் இருக்கும் சிலிகான் அல்லது ஃப்ளோரின் சார்ந்த மூலக்கூறுகள் அந்த ஹைட்ராக்சில் குழுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. அதன் மறுமுனை தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் பரவ இடமில்லாமல் முத்து முத்தாகத் திரள்கிறது.

தண்ணீர்த் துளி ஒரு பரப்பைத் தொடும் கோணம் 90 டிகிரிக்கு மேல் இருந்தால் அதை ‘தண்ணீரை வெறுக்கும் பரப்பு’ என்பார்கள். தாமரை இலையில் அது 150 டிகிரியைத் தாண்டும். கார் கண்ணாடிக் கோட்டிங்கில் பொதுவாக 100, 110 டிகிரி பக்கம்தான் இருக்கும். ‘ஏன், கண்ணாடியையே தாமரை இலை மாதிரி பண்ணிட வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம். அந்தக் குட்டி மேடுகளை வைப்பர் சீக்கிரமே தேய்த்து எடுத்துவிடும். தவிர, சொரசொரப்பான பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஓட்டுகிறவருக்கு வேண்டியது தெளிவான பார்வை. அதனால்தான், ‘100 சதவிகிதம் தண்ணி ஒட்டாது’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

உங்களுக்கு இது தேவையா?

முத்தாகத் திரண்ட துளி தானாக ஓடாது. அதைத் தள்ள காற்று வேண்டும். அந்தக் காற்று வண்டியின் வேகத்தில்தான் கிடைக்கும். காரின் கண்ணாடி சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்து, மணிக்கு சுமார் 60 கி.மீ வேகத்துக்கு மேல்தான் துளிகள் சரசரவென மேலே ஏறி ஓடும்.

அடிக்கடி ஹைவேயில் போகிறவர்களுக்கு இது அருமையான விஷயம். மிதமான மழையில் வைப்பரைக் குறைந்த வேகத்தில் வைத்தாலே போதும். பக்கத்து லாரி வாரியடிக்கும் தண்ணீரும் சட்டென விலகிவிடும்.

ஆனால், நீங்கள் தினமும் ஆபீஸ் டிராஃபிக்கில் 20 கி.மீ வேகத்தில் நகர்கிறவர் என்றால் கதையே வேறு. துளிகள் ஓடாமல் அப்படியே நிற்கும். முன்னால் இருக்கும் வண்டியின் பிரேக் லைட் ஒவ்வொரு துளியிலும் சிவப்பு சிவப்பாக மின்னும். வைப்பரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல வைப்பர் பிளேடும் சுத்தமான கண்ணாடியும் உங்களுக்குப் போதும். சைடு கண்ணாடிகளுக்கும் வெளிப்புற மிரருக்கும் மட்டும் கோட்டிங் போட்டுக்கொள்ளலாம். அங்கே துடைக்க வைப்பர் இல்லையே.

எதை வாங்குறது?

கடையில் பத்து பிராண்டு இருந்தாலும் வகை என்று பார்த்தால் நான்குதான்.

*வாஷர் தண்ணீரில் கலப்பது:* வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் டேங்கில் கலந்துவிட்டால், ஸ்ப்ரே அடிக்கும்போதெல்லாம் மெல்லிய படலம் விழும். சுலபம்தான். ஆனால், பலன் குறைவு. நிறுத்தினால் போய்விடும்.

*சிலிகான் வகை:* ‘தடவு, காயவிடு, துடை’ ரகம். அமெரிக்காவில் 1970-களிலிருந்து விற்கும் ‘ரெயின்-எக்ஸ்’ இதில் பிரபலம். விலை குறைவு, முதன்முறை செய்கிறவர்களுக்கு ஏற்றது. சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்கள் வரை தாங்கும்.

*ஃப்ளோரின் வகை:* தடவுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், விலையும் அதிகம். பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். ஜப்பானின் ‘சாஃப்ட்99’ நிறுவனத்தின் ‘கிளாக்கோ’, அமெரிக்காவின் ‘அக்வாபெல்’ போன்ற பெயர்களைக் கார் பிரியர்கள் அடிக்கடி சொல்வார்கள். ஆனால், ஒரே பிராண்டிலேயே சிலிகான், ஃப்ளோரின் என இரண்டு ரகமும் வரும். பெயரை மட்டும் பார்க்காமல் லேபிளைப் படியுங்கள்.

*செராமிக் வகை:* டீட்டெய்லிங் சென்டர்களில் போடுவது. ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும் என்று சொல்வார்கள். பணம் கொடுக்கும் முன்பு, கண்ணாடியை எப்படிச் சுத்தம் செய்வார்கள், எத்தனை கோட் போடுவார்கள், வைப்பர் சத்தம் வந்தால் திரும்பச் செய்து தருவார்களா என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிற இடத்தில் கொடுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும் வைப்பர் ஓடுகிற இடத்தில்தான் முதலில் தேயும். பாட்டிலில் போட்டிருக்கும் மாதக்கணக்கு எல்லாம் நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் அப்படியே பொருந்தாது.

முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் சிலிகான் வகையிலேயே ஆரம்பியுங்கள். தப்பாகப் போனாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம்.

பாதி வேலை கழுவுறதுதான்

நான் கோட்டை விட்டது இங்கேதான். கோட்டிங் பிடிக்க வேண்டியது கண்ணாடியை. நடுவில் எண்ணெய்ப் பிசுக்கோ உப்புக்கறையோ இருந்தால் அது அழுக்கைத்தான் பிடிக்கும். நாலு நாளில் திட்டுத் திட்டாகப் போய்விடும். மிச்சம் இருப்பது ராத்திரி வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவுவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். பூஜை முடிந்து, கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோவதற்குள் இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

1. முதலில் நிறைய தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு, மெழுகு கலக்காத கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள்.

2. கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் தார், மரப்பிசின், பூச்சிக்கறை எல்லாம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். ‘கிளே பார்’ என்ற களிமண் கட்டியை, ஷாம்பு தண்ணீர் விட்டு வழுக்க வழுக்கத் தேய்த்தால் எடுத்துவிடலாம்.

3. போர் தண்ணீரில் கழுவுகிற வண்டி என்றால் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை இருக்கும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். போகவில்லை என்றால் சீரியம் ஆக்சைடு கலந்த கிளாஸ் பாலிஷ் இருக்கிறது. பாத்ரூம் கழுவும் ஆசிடை மட்டும் கொண்டுவராதீர்கள். பெயின்ட்டும் ரப்பரும் வீணாகும்.

4. கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். மிச்சம் இருக்கும் பிசுக்கும் போய்விடும்.

சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? துடைப்பதற்கு முன்பும் பின்பும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இடைவெளி விடாமல் ஒரே படலமாக இறங்கினால் பாஸ். அங்கங்கே விலகி, தீவு தீவாகப் பிரிந்தால் பிசுக்கோ பழைய கோட்டிங்கோ மிச்சம் இருக்கிறது. மறுபடியும் இரண்டாவது படிக்குப் போங்கள். கண்ணாடி நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த வேலை.

தடவுவது எப்படி?

இடம் முக்கியம். நிழலில் நிறுத்துங்கள். கண்ணாடியைத் தொட்டால் சுடக் கூடாது. சூடான கண்ணாடியில் திரவம் பரவுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். கோடு கோடாக நிற்கும். காலை நேரம் பெஸ்ட். பல திரவங்களில் ஆல்கஹால் இருப்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வைப்பரைத் தூக்கி நிறுத்தும்போது கண்ணாடி மேல் ஒரு தடிமனான துண்டை விரித்துவிடுங்கள். ஸ்பிரிங் வேகத்தில் வைப்பர் கை திரும்ப விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும். கோட்டிங்குக்கு ஆசைப்பட்டுக் கண்ணாடி மாற்றிய கதையாகிவிடக் கூடாது.

கண்ணாடியை மனதுக்குள் நான்காகப் பிரியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. துணியில் திரவத்தைக் கொஞ்சமாக எடுத்து, முதலில் மேலும் கீழும், பிறகு குறுக்கே தடவுங்கள். இடைவெளி விழக் கூடாது. அதிகம் ஊற்றினால் அதிகம் வேலை செய்யும் என்பது தவறான கணக்கு. துடைக்க முடியாமல் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

லேபிளில் சொன்ன நேரம் காத்திருங்கள். பல தயாரிப்புகளில் லேசாகப் புகைபோல வெள்ளை படியும். அதைச் சுத்தமான, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடையுங்கள். முழுக்கப் போகவில்லை என்றால் லேசாக ஈரமான துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் இன்னொரு முறை. இரண்டாவது கோட் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். எவ்வளவு நேரம் தண்ணீர் படக் கூடாது என்பதும் லேபிளிலேயே இருக்கும். அதுவரை வைப்பரைத் தொடாதீர்கள்.

இப்போது முக்கியமான டெஸ்ட். இருட்டிய பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிப் புகை வளையமோ வானவில் நிறமோ தெரிந்தால் துடைத்தது பத்தவில்லை. மறுபடியும் துடையுங்கள். இந்த ஐந்து நிமிஷ டெஸ்டை அன்றைக்கு நான் செய்திருந்தால், அந்த லாரி வெளிச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டியதில்லை.

மழையை உணர்ந்து தானாக ஓடும் வைப்பரோ, கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ உள்ள கார் என்றால், கோட்டிங் போடும் முன் ஓனர் மேனுவலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில வண்டிகளில் சென்சார் குழம்பும்.

வைப்பர் ‘கடகட’ன்னு கத்துதா?

கோட்டிங் போட்ட பிறகு நிறைய பேர் சொல்லும் புகார் இது. காரணங்கள் மூன்று. திரவம் ஒரே சீராகப் பரவாதது, துடைக்காமல் விட்ட மிச்சம், வெயிலில் வெந்து இறுகிப்போன வைப்பர் ரப்பர். முதல் இரண்டுக்கும் கண்ணாடியை மறுபடி துடைத்தால் போதும். ரப்பரை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஓரம் கிழிந்திருந்தாலோ, விரலுக்குக் கெட்டியாக இருந்தாலோ பிளேடை மாற்றிவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், கையில் இருக்கும் காசுக்கு ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் புது வைப்பர் பிளேடைத்தான் வாங்க வேண்டும். கோட்டிங் அதற்குத் துணை. அதற்குப் பதில் அல்ல.

உள்ளே மங்கினால் இது வேலை செய்யாது

மழை நேரத்தில் பாதிப் பிரச்னை உள்ளேதான். நாலு பேர் மூச்சுவிடும் ஈரம், குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் படிகிறது. வெளிப்பக்கம் போடும் ரிப்பெலன்ட்டை உள்ளே தடவினால் அந்த ஈரம் குட்டிக் குட்டித் துளிகளாக நின்று இன்னும் மோசமாகும். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும் மோடில் வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்.

விரலால் உள்ளே துடைத்தும் மங்கல் போகவில்லையா? அப்படியென்றால் அது வெளிப்பக்கம் படிந்த ஈரம். ஏசி கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர வைத்துவிட்டது. வைப்பரை ஒரு சுற்று ஓடவிட்டு, ஏசி குளிர்ச்சியைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்புங்கள்.

பீடித்தூள், உருளைக்கிழங்கு, தேங்காய் எண்ணெய்?

வைப்பர் வேலை செய்யாத வண்டியில் பழைய டிரைவர்கள் பீடித்தூளையோ புகையிலையையோ கண்ணாடியில் தேய்ப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெட்டிய உருளைக்கிழங்கைத் தேய்ப்பவர்களும் உண்டு. இது சும்மா கட்டுக்கதை இல்லை. ஆனால், ரிப்பெலன்ட் செய்வதற்கு நேரெதிரான வேலையை இது செய்கிறது. தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் ஒரே படலமாகப் பரவ வைக்கிறது. படலம் சீராக இருந்தால் அதன் வழியாகவும் ரோடு தெரியும். நல்ல மழையில் சீக்கிரமே கழுவிக்கொண்டு போய்விடும். வண்டியை ஓரம்கட்டும் வரைக்கும் கைகொடுக்கும் வித்தை, அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய், கெரசின் மட்டும் வேண்டவே வேண்டாம். வைப்பர் அதை இழுத்துப் பூசிவிடும். ராத்திரி எதிரே ஒரு லைட் வந்தால் கண்ணாடி முழுக்க வானவில்தான்.

பைக் ஓட்டுறவங்களே, ஒரு நிமிஷம்!

‘கண்ணாடிக்குத் தடவினது கொஞ்சம் மிச்சம் இருக்கு, ஹெல்மெட்டுக்கும் தடவிடலாம்’ என்று தோன்றும். நிறுத்துங்கள். ஹெல்மெட் வைசர் கண்ணாடி அல்ல, பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கண்ணாடிக்கான திரவத்தில் இருக்கும் ரசாயனம் அதில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கலாம், வைசரும் மங்கலாம். அதனால்தான் ரெயின்-எக்ஸ் பிளாஸ்டிக்குக்கு என்று தனித் தயாரிப்பே விற்கிறது. லேபிளில் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டும் தடவுங்கள்.

எப்போ திரும்பப் போடணும்?

மழையில் கண்ணாடியைப் பாருங்கள். ஓரங்களில் தண்ணீர் முத்தாக நின்று, வைப்பர் ஓடும் இடத்தில் மட்டும் தட்டையாகப் பரவுகிறதா? தேய்ந்துவிட்டது. மறுபடி கழுவி, மறுபடி தடவ வேண்டிய நேரம்.

கடைசியாக ஒன்று. கோட்டிங் நன்றாகப் பிடித்த கண்ணாடி வழியே பார்த்தால், கொட்டுகிற மழைகூடச் சாதாரணத் தூறல் மாதிரி தெரியும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியில் தண்ணீர் நிற்கவில்லை என்பதற்காக ரோட்டில் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடாது. டயருக்கும் பிரேக்குக்கும் அதே ஈரம்தான், அதே வழுக்கல்தான். உங்களுக்கு எதிரே வருகிறவர் கண்ணாடியில் கோட்டிங் இருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது.

அதனால் கண்ணாடியைப் பளிச்சென்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தெரியாத அளவுக்கு மழை அடித்தால், பாதுகாப்பான ஒரு டீக்கடை பார்த்து ஓரம்கட்டுங்கள். சூடாக ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மழை கொஞ்சம் விட்டிருக்கும். வீட்டுக்கு அரை மணி நேரம் லேட்டாகப் போனால் ஒன்றும் ஆகிவிடாது, பாஸ்!